கட்டையில் போகிறேன், மச்சான்

மதிப்பும் அன்பும் ஒருபோதும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டில் அக்காவும், உங்கள் பல் கிளினிக்கில் மேலும் கீழும் போகிற அந்தப் பச்சை நாற்காலியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாற்காலியை எதற்கு விசாரிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். கடைசியாக நான் அதில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது, இறங்குகையில் லேசாக ஓர் உதறல் இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் ஆயுசைக் கழித்தவனுக்கு உதறல் என்றால் மனசு கேட்காது. வந்து பார்த்துச் சரிசெய்து கொடுக்கலாம் என்றால் நீங்கள் உள்ளே விட வேண்டுமே.

ஒரே ஊரில் இருந்துகொண்டு, பஸ்ஸில் ஏறி டிக்கெட்டை மடித்துப் பையில் வைப்பதற்குள் வந்து சேருகிற தூரத்தில் இருந்துகொண்டு, இவன் கடிதம் எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். வேறு வழி என்ன வைத்திருக்கிறீர்கள்? உங்கள் கைபேசி என் நம்பரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறது. கிளினிக்குக்கு அடித்தால் வரவேற்பில் இருக்கும் பெண், "டாக்டர் ஒருத்தர் வாய்க்குள்ள இருக்கார் சார்" என்கிறாள். கிளினிக் விடுமுறை நாளிலும் அதையேதான் சொன்னாள். அதனால்தான் இதை எழுதி உங்கள் தங்கை கையில் கொடுத்து அனுப்புகிறேன். "பல்லு வலிக்குதுன்னு சொல்லிட்டு உள்ள போயிடு" என்று யோசனையும் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அவள், "எனக்கு வலிக்கிறது பல்லு இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பதிலின் ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு நம் கோல்ஃப் கிளப்பில் இரட்டையர் போட்டி. இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து, ஆளுக்கு ஒரு அடியாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டிய ஆட்டம். வருஷா வருஷம் நாம்தான் ஜோடி, வருஷா வருஷம் நாம்தான் கடைசி. அந்தப் பெருமையை வேறு யாரும் தட்டிப் பறித்துவிடாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இது ஒரு பக்கம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, நான் அடித்த ஒவ்வோர் அடியிலும் உள்ள குற்றத்தை எடுத்துச் சொல்லுவீர்களே, அதையும் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் தங்கை இன்னும் மூன்று கப் காபிதான் கலக்குகிறாள். மூன்றாவது கப் அந்த நாற்காலிக்கு முன்னால் ஆடை படியும் வரை இருக்கும். பிறகு அவளே எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், குடித்துவிடுகிறாள். இத்தனையும் எதற்கு? நான் இரும்பை விட்டுக் கட்டைக்கு வந்தேன் என்பதற்கு. ஆகவே என் பக்கத்து நியாயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் நடுவில் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

நாம் இருவரும் இந்த ஆட்டத்துக்குள் நுழைந்ததே தலை நரைத்த பிறகுதான். உங்களுக்கு முதுகு வலி, எனக்கு ஓய்வு. இரண்டுக்கும் நடை நல்லது என்று யாரோ சொல்ல, சும்மா நடந்தால் வீட்டில் துரத்திவிட்டார்கள் என்று நினைப்பார்கள் என்று நீங்கள் சொல்ல, ஆளுக்கு ஒரு கோல்ஃப் பை வாங்கினோம். அந்தப் பைக்குள் இருந்த மட்டைகளுக்கு நாம் வைத்த பெயர்தான் பின்னால் வந்த வம்புக்கெல்லாம் காரணம். தலை மெல்லிய தகடாக இருப்பது இரும்பு. தலை குண்டாக இருப்பது கட்டை. இப்போது கட்டையிலும் மரம் கிடையாது, அதுவும் உலோகம்தான் என்பது வேறு கதை. "இந்தத் தூரத்துக்கு இரும்புல போறீங்களா மாப்பிள்ளை, கட்டையில போறீங்களா?" என்று நீங்கள் கேட்பதும், "இரும்புலயே போறேன் மச்சான்" என்று நான் சொல்வதும் எத்தனை வருஷப் பழக்கம்! சொல்லிச் சொல்லி, கட்டையில் போவது என்றால் ஊரில் வேறொரு அர்த்தம் இருக்கிறது என்பதே நம் இருவருக்கும் மறந்து போய்விட்டது.

ஆட ஆரம்பித்த மறு வருஷம் என் பிறந்தநாளுக்கு நீங்கள் மூணாம் நம்பர் இரும்பு ஒன்றைப் பளபளவென்று காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "கட்டையெல்லாம் கை நடுங்குறவனுக்கு மாப்பிள்ளை. இதை அடிக்கிறவன்தான் ஆட்டக்காரன். மெல்லிசு கொறடுல பல்லைப் புடுங்குறவன் டாக்டர், கடப்பாரையால புடுங்குறவன் கொத்தனார்" என்றீர்கள். நான் கண் கலங்கி வாங்கிக்கொண்டேன். அது ஆனந்தக் கண்ணீர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். கொஞ்சம் பயமும் கலந்திருந்தது.

மச்சான், அந்த மட்டையின் முகத்தை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி நேராக நிமிர்ந்து நிற்கும். உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். தலையோ ஒரு பிஸ்கெட் அளவு. அதன் நடுவில் ஒரு பொட்டு அளவு இடம் இருக்கிறது. பந்து அங்கே பட்டால்தான் எழும்பும், அதுவும் வாலிபன் வேகத்தில் வீசினால். முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ ஆயிரம் பேரை அலுங்காமல் குலுங்காமல் மேலே தூக்கி அனுப்பியவன் நான். கர்ப்பிணிகளைத் தூக்கியிருக்கிறேன், பியானோவைத் தூக்கியிருக்கிறேன். ஒரு எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னப் பந்தை என் இடுப்பு உயரத்துக்குத் தூக்க முடியவில்லை என்றால் என் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? நான் அடித்த பந்து தரையோடு தரையாக ஊர்ந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கிளப் செயலாளரின் கால்களுக்கு நடுவே புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் எலி என்று நினைத்து நாற்காலி மேல் ஏறிவிட்டார். இன்னொரு நாள் பந்து அங்கேயே இருக்க, அதற்குக் கீழே இருந்த புல்லும் மண்ணும் மட்டும் பெயர்ந்து பறந்துபோய் உங்கள் ஃப்ளாஸ்க் மூடியில் விழுந்தது. நீங்கள் பார்க்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "மண் வாசனையா இருக்கே, புதுத் தேயிலையா?" என்று கேட்டீர்கள். நான் "ஆமாம் மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

அதைவிடக் கொடுமை குளிர்காலக் காலையில் அந்த இரும்பு நுனியில் பந்து பட்டால் வருகிற அதிர்ச்சி. விரலில் ஏறி, முழங்கையில் முட்டி, தோள் வழியாகத் தாடைக்கு வந்துவிடும். என் கடைவாய்ப்பல்லில் நீங்கள் அடைத்திருந்த சிமெண்டு பெயர்ந்து விழுந்ததே, "என்னத்தைக் கடிச்சீங்க மாப்பிள்ளை?" என்று பச்சை நாற்காலியில் வைத்துக் கேட்டீர்களே, நான் "ஐஸ் கட்டி" என்றேனே, அது ஐஸ் கட்டி இல்லை மச்சான். உங்கள் மூணாம் இரும்பு. நீங்கள் கொடுத்த பரிசு, நீங்கள் அடைத்த பல்லை உடைத்தது. அதை உங்களிடம் எந்த வாயால் சொல்வேன்? அந்த வாய் அப்போது உங்கள் கையில் அல்லவா இருந்தது!

அதிர்ச்சி தெரியாமல் இருக்கக் கைப்பிடி ரப்பரை மாற்றலாம் என்று கிளப் வாசலில் பழைய மட்டை வாங்கி விற்கிறவரிடம் போனேன். எதையும் கையில் தூக்கியே எடை சொல்வதால் அவரை எல்லோரும் தராசு என்று கூப்பிடுவார்கள், உங்களுக்கும் தெரிந்தவர்தான். அவர் இரும்பின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவுல பந்து பட்டதே இல்லை போலிருக்கே சார். நடு பாகம் புதுசாவே இருக்கு. நல்ல விலைக்குத் தள்ளிடலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடனே அவர் வியாபாரி புத்தியில், "இதை ஒரு தரம் வீசிப் பாருங்களேன்" என்று மூலையிலிருந்து ஏழாம் நம்பர் கட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். மூணாம் இரும்பின் முகச் சாய்வும் ஏழாம் கட்டையின் முகச் சாய்வும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்று ஊர்கிறது, இன்னொன்று பறக்கிறது, எப்படி? கட்டையின் தலையைத் தடவிப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. எதிர் எடை! லிஃப்ட் பெட்டி மேலே போக, சுவருக்குப் பின்னால் ஒரு கனம் தொங்கிக்கொண்டு கீழே போகும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதே மாதிரி இந்தக் கட்டையில் கனமெல்லாம் முகத்துக்குப் பின்னால், கீழே, அடிவயிற்றில் இருக்கிறது. கனம் பின்னால் கீழே இருந்தால் முன்னால் இருப்பது மேலே போகாமல் எங்கே போகும்? கூடவே அடிப்பாகம் அகலம். இரும்பு மாதிரி மண்ணுக்குள் குத்திக்கொள்ளாமல் புல் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இது கை நடுங்குகிறவனுக்கு யாரோ இரக்கப்பட்டுச் செய்து கொடுத்தது இல்லை மச்சான். யோசித்துச் செய்தது.

கடைக்குப் பின்னால் இருந்த வலைக் கூண்டைத் தாண்டி, மைதானத்தின் ஓரத்துக்குப் போய் அடித்தேன். பந்து எழுந்தது. நான் என்னையறியாமல் "மேலே போகுது, மேலே போகுது" என்று கத்தினேன். மரங்களுக்கு மேலே போய், அங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிப்பது போல இருந்து, பிறகு மெத்தென்று இறங்கி, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓய்வு பெற்ற நாளில்கூட அழாதவன் அந்தக் கடைக்காரர் தோளில் சாய்ந்து அழுதேன். அதைப் பார்த்துத்தான் அவர் விலையைக் குறைக்கவில்லை.

வாங்கியாகிவிட்டது. வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? திரைச்சீலைக் கம்பி வருகிற நீளமான அட்டைக் குழாய்க்குள் போட்டுக் கொண்டுவந்தேன். உங்கள் தங்கை வாசலிலேயே, "கம்பி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி எத்தனை காலம்! இன்னிக்காவது வாங்கணும்னு தோணுச்சே" என்று முகமெல்லாம் மலர்ந்து குழாயைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். விழுந்ததைப் பார்த்ததும் மலர்ச்சி போய்விட்டது. "இவ்வளவு பெரிய அகப்பையில யாருக்குப் பரிமாறப் போறீங்க?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன், எதிர் எடையையும் சேர்த்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அதுதானே முடியவில்லை! நேரில் சொல்லப் பயம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். எனவே அக்கா மூலமாகப் பக்குவமாகச் சொல்லலாம் என்று என் புத்தி போனது. அக்கா எடுக்கவில்லை. சரி என்று ஒரு குரல் பதிவு அனுப்பினேன். ஒரு எழுத்து மாற்றாமல் அதை இங்கே எழுதுகிறேன், இதில் நான் செய்த குற்றம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்: "அக்கா, நான் மாப்பிள்ளை பேசறேன். இந்த உடம்புக்கு இனிமே இரும்பு ஒத்துக்காது அக்கா. எவ்வளவோ பாத்துட்டேன். கட்டையில போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மச்சான்கிட்ட நேர்ல சொல்ற தைரியம் எனக்கு இல்லை, நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல அவருக்கு ஒரு குறையும் வராது. அவர் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துடறேன். இத்தனை நாள் என்னைப் பொறுத்துக்கிட்டதுக்கு அவருக்குக் கோடி நன்றி."

அக்காவுக்கு இரும்பு என்றால் என் ரத்தத்தில் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த இரும்புச் சத்துதான். மாத்திரை கைவிட்டுவிட்டது, தம்பி கட்டையில் போகிறான் என்று புரிந்துகொண்டார். அவர் மேல் தப்பே கிடையாது. அடுப்பை அணைக்காமல் கிளினிக்குக்கு போன் செய்திருக்கிறார். நீங்கள் அப்போது நம் கிளப்பில் ஆடுகிற அந்த அச்சகக்காரருக்குப் பல் செட்டுக்கு அளவு எடுக்க வாய் நிறைய மாவை வைத்து, "கெட்டியாகுற வரைக்கும் அசையக் கூடாது" என்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். போன் வந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினீர்கள். வாயில் அச்சு இருக்கும்போது டாக்டர் ஓடினால் நோயாளி பின்னால் ஓடாமல் என்ன செய்வார்? அவரும் வாயை அசைக்காமல் உங்கள் காரில் ஏறிக்கொண்டார். வழியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள்.

இங்கே நானோ, கட்டையின் அடிப்பாகம் தரையோடு எப்படிப் படிகிறது என்று பார்ப்பதற்காக, கூடத்தில் கம்பளத்தின் மேல் நீட்டிப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அதாவது நீங்கள் கதவைத் தள்ளியபோது தெரிந்த பக்கத்துக் கண்ணை. அக்கா வாசற்படியிலேயே ஏழு கட்டை சுருதியில் அழ ஆரம்பித்துவிட்டார். நீங்கள் என் மேல் விழுந்தீர்கள். எழுந்திருக்க முடியாதபடி கட்டிக்கொண்டீர்கள். அப்போது நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்: "மாப்பிள்ளை! உங்களை எவ்வளவு திட்டிட்டேன்! இரும்பு அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன! உங்களை மாதிரி ஒரு கூட்டாளி எனக்கு எங்க கிடைப்பான்!" மச்சான், இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். யாராக இருந்தாலும் கிடப்பார்கள்.

அதன் பிறகுதான் உங்கள் பார்வை பக்கத்தில் கிடந்ததன் மேல் விழுந்தது.

"இது என்ன?"

"கட்டை மச்சான்."

"எந்தக் கட்டை?"

"ஏழாம் கட்டை. நான்தான் அக்காகிட்ட சொன்னேனே, கட்டையில போறதுன்னு..."

அக்காவின் அழுகை பாதி மூச்சில் நின்றது. அச்சகக்காரர் "ம்ம்?" என்றார். நீங்கள் மெதுவாக எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நீங்க செத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் மாப்பிள்ளை!" என்றீர்கள். இது நியாயமா? நான் உயிரோடு இருந்தது அவ்வளவு பெரிய குற்றமா? உங்கள் தங்கை சமையலறையிலிருந்து காபியோடு வந்து, யார் அழுதார்கள், யார் விழுந்தார்கள், இந்த மனிதர் யார், ஏன் இவர் வாயில் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒன்றும் புரியாமல் நின்றாள்.

அந்த அச்சைக் கழற்ற நீங்கள் பட்ட பாடு தனி. கெட்டியாகிக் கல்லாகிவிட்டது. கருவிகள் எல்லாம் கிளினிக்கில். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நான் தலையைப் பிடிக்க, நீங்கள் இரண்டு கட்டைவிரலையும் விட்டு நெம்பினீர்கள். அப்போதுகூட நீங்கள் என்னோடு பேசவில்லை. "தலையைப் பிடிக்கிறவர்கிட்ட இன்னும் அழுத்திப் பிடிக்கச் சொல்லு" என்று அக்காவிடம் சொன்னீர்கள். பொளக்கென்று அச்சு வெளியே வந்ததும் அந்த மனிதர் தாடையை இரண்டு தரம் அசைத்துப் பார்த்துவிட்டு, முதல் காரியமாக என்னைப் பார்த்து, "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார். நான் தராசு கடையைச் சொன்னேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது போன மாதத்துக் காலண்டர். பிறகு காபியைத் தொடாமல் போய்விட்டீர்கள்.

மச்சான், என் வழக்கு இவ்வளவுதான். நன்றாக யோசித்துப் பாருங்கள். இரட்டையர் ஆட்டத்தில் நான் இரும்பால் புதருக்குள் அனுப்புகிற பந்தை அடுத்து அடிக்க வேண்டியவர் நீங்கள். உங்கள் முதுகை வைத்துக்கொண்டு முள்ளுக்குள் குனிய வேண்டியவர் நீங்கள். நான் கட்டையில் போனால் பந்து வழியின் நடுவில், வெட்டின புல் மேல், உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். என் மானத்துக்காக மட்டும் இல்லை, உங்கள் முதுகுக்காகவும்தான் இந்த முடிவு. உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நான் கட்டையை எடுக்கும்போது நீங்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். "எதுல போனீங்க?" என்று யாராவது கேட்டால் "இரும்பு" என்றே சொல்கிறேன். அதுவும் உலோகம்தானே, பொய்யாகாது.

நீங்கள் கொடுத்த மூணாம் இரும்பை இந்தக் கடிதத்தோடு செய்தித்தாளில் சுற்றி, உங்கள் தங்கையிடமே கொடுத்தனுப்புகிறேன். கோபத்தில் திருப்பவில்லை. அதை அடிக்கத் தெரிந்தவர் கையில் இருப்பதுதான் அதற்கு மரியாதை. இனி என் ஆயுளில் நீள இரும்பைத் தொடுவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். இதில் மாற்றம் கிடையாது. ஆனால் நீங்கள் வர வேண்டும். ஆட்டத்துக்கு வரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டுங்கள். நீங்கள் திட்டாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இல்லை. பேசாமல் இருக்கிற உங்களைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை மச்சான், உண்மை அதுதான்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதறவைத்ததற்கு மன்னிப்பும் சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், ரத்தத்தில் இரும்பு ஏறிவருகிறது, பையில் இருந்ததுதான் இறங்கிவிட்டது என்றும் சொல்லுங்கள். அச்சகக்காரரின் பல் செட் சரியாகப் பொருந்தியிருக்கும் என்று நம்புகிறேன். வரவேற்புப் பெண்ணுக்கு என் விசாரிப்பு. நீங்கள் வாய்களிலிருந்து சீக்கிரம் வெளியே வந்து நீண்ட ஆரோக்கியத்தோடும் வலியில்லாத முதுகோடும் இருக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவனும், நீங்கள் மனசு வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளியுமான,
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டு இரும்பைச் செய்தித்தாளில் சுற்ற எடுத்தேன். இத்தனை வருஷம் கூட இருந்ததற்குக் கடைசியாக ஒரே ஒரு அடி என்று, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள காலி மனைக்கு ஒரு பழைய பந்தோடு போனேன். மச்சான்! எழும்பிவிட்டது! அடித்ததே கையில் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய், ரொம்ப தூரம் போய்... பல் ஆடவில்லை, கை அதிரவில்லை. இந்தச் சுகம் கட்டையில் வரவே வராது. எனவே மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். எதிர் எடை பற்றிய பகுதியை மட்டும் கிழித்தே போட்டுவிடவும். இரும்பு அனுப்பப்படவில்லை. கட்டையைத் தராசிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி, அதெல்லாம் கை நடுங்குகிறவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை இரும்பில்தான் போகிறேன், நீங்கள் தைரியமாக வரலாம். இன்னும் ஒன்றே ஒன்று அடித்துப் பார்த்துவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.

அண்ணா, இது நான். உறையை ஒட்டாம வச்சுட்டுப் போயிட்டார், படிச்சுட்டேன். இன்னும் ஒண்ணுன்னு போனவர் இன்னும் அங்கேயேதான் இருக்கார், ஜன்னல்ல தெரியுது. ஒண்ணும் எழும்பலை. குழாய் பதிக்கிற ஆளுங்க வந்துட்டுப் போன மாதிரி மனை முழுக்கத் தோண்டி வச்சிருக்கார். நாளைக்கு மறுபடியும் கட்டைன்னுதான் வந்து நிப்பார், அதனால தராசுகிட்ட திருப்பிக் குடுத்துடாம அதை நான் எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். அண்ணி போன் பண்ணினாங்க. அச்சகக்காரர் பல் செட்டை மாட்டிக்கிட்ட கையோட உன்னைத் தராசு கடைக்குக் கூட்டிட்டுப் போனாராமே? உன் கார் டிக்கியில போர்வைக்கு அடியில ஒரு ஏழாம் கட்டை இருக்காமே? கிளினிக்கை மூடிட்டு உள்ள நின்னு வீசிப் பாக்குறியாம், பச்சை நாற்காலியோட கையையும் உடைச்சுட்டியாம். இவர் முதல் பக்கத்துல நாற்காலி சுகமான்னு கேட்டிருக்கார், அதுக்குப் பதில் நீயே சொல்லிக்கோ. போட்டிக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் நான் குடுத்துட்டேன். அவர் இரும்போட வரட்டும், நீ கட்டையோட வா, எப்படியும் நீங்கதான் கடைசி. ஆனா முதல்ல வீட்டுக்கு வா. ஞாயித்துக்கிழமை தோறும் மூணாவது காபியையும் நானே குடிச்சு எனக்குத் தூக்கம் போச்சு அண்ணா. உன் காபியை நீ வந்து குடி.